கிராமுக்கு மூன்றரை

கொக்ரானேயில் நாங்கள் பார்த்தது மூன்று கடை.
மூன்றிலும் ஏறி இறங்கினோம், கையில்
மீன் தொங்கவிடும் கொக்கித் தராசோடு.
கடைசிக் கடைக்காரி முதலில் சிரித்தாள்,
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்
வேடிக்கை பார்க்க.

பத்து நாள். இரண்டு வயிறு. முப்பத்தோராயிரம் பெசோ.
கிராமுக்கு மூன்றரை கலோரி தராத எதுவும்
மலையேறத் தகுதியற்றது என்றான் எலியேசர்,
அரசாணை வாசிப்பவன்போல.

டின் மீனில் பாதி எடை தகரம்.
பருப்பு மலிவுதான்; அது வேகிற நேரத்துக்கு
இன்னொரு கேஸ் உருளை சுமக்க வேண்டும்.
ஆப்பிள் என்பது தண்ணீர்,
தண்ணீர்தான் வழியெல்லாம் சும்மா கிடைக்குமே.
படம் போட்ட வெள்ளிப் பொட்டலத்தில் மாட்டிறைச்சிக் குழம்பு,
ஒன்று ஒன்பதாயிரம்.
எடுத்தான், எடை பார்த்தான்,
அடுத்த வீட்டுப் பூனைக்குட்டியை இறக்கி விடுவதுபோல
வைத்துவிட்டான்.

கடைசியில் வாங்கியது வறுத்த கோதுமை மாவு.
குளிர்ந்த நீரில் கரைத்துச் சர்க்கரை போட்டால் ஊல்போ,
அடுப்பே வேண்டாம்.
கூட நிலக்கடலை, ஓட்ஸ்,
பழைய சோடாப் புட்டியில் எண்ணெய்,
கயிறாய் முறுக்கிய கடற்பாசி ஒரு கட்டு.
காய்ந்துவிட்டால்
கடலுக்குக்கூட எடை இல்லை.

புவெர்த்தோ மொந்த்தில் எட்டு வருடம்
சால்மன் துண்டுகளை எடை பார்த்து அடுக்கியவள் நான்.
ஆலையை மூடியபோது கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள்.
கைக்கு மட்டும் கணக்குத் தீரவில்லை.
நூற்றிருபத்தைந்து என்றால் நூற்றிருபத்தைந்து.
இருபது பைகளையும் தராசைத் தொடாமல் கட்டினேன்.
ஒவ்வொன்றாய்க் கொக்கியில் மாட்டிச் சரிபார்த்தவன்
பதினோராவதில் விட்டுவிட்டான்.

நடந்தோம்.
நாளுக்கு நாள் தோளிலிருந்து கொஞ்சம்
காலுக்கு இறங்கியது.
முள்ளுக்குள் கலஃபாத்தே பழுத்துக் கிடந்தது,
எங்கள் பட்டியலில் இல்லாத ஊதா;
நாக்கைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம்.

எட்டாம் நாள், ஆறு.
வரைபடத்தில் நகம் கீறிய நீலக் கோடு.
நேரில் பழுப்பு, பாறை உருளும் சத்தம்.
அக்கரையில் நாய்களோடு ஒரு குதிரைக்காரர்
(பெலார்மினோ என்று பிறகு தெரிந்தது)
தண்ணீரைக் காட்டி இரண்டு விரல் உயர்த்தினார்.
இரண்டு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு
கையசைத்தோம்.

இரண்டு நாள்.

கிலோமீட்டருக்குத்தான் கணக்குப் போட்டிருந்தோம்.
சும்மா படுத்திருந்தாலும் பசிக்கும் என்பதை
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
நான்கு பை மாவு எட்டானது, எட்டு பன்னிரண்டு.
மழை கூடாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது,
உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல.

முதல் இரவு அவன்தான் கரைத்தான்.
"உனக்கு ஆறு கரண்டி, எனக்கு ஆறு" என்று
சத்தமாக எண்ணிப் போட்டான் இருட்டில்.
ஜிப் மாட்டிக்கொண்டதை இழுக்க
ஒரு நிமிடம் தன் குவளையை என்னிடம் கொடுத்தான்.
இரண்டு கையிலும் இரண்டு குவளை.
என்னுடையது முப்பது கிராம் கனம்.

ஒன்றும் சொல்லவில்லை.
எட்டு வருடத்தில் ஒருமுறைகூட
தப்பாக எடை போட்டதில்லை.
மறுநாள் காலை போட்டேன்.
அவனுக்கு அப்படியொரு கை கிடையாது,
குடித்து முடித்து உதட்டை நக்கிக்கொண்டான்.

மூன்றாம் விடியலில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் கடையில்
ஓர் ஆரஞ்சை எடுத்தேன்.
இருநூற்றுப் பத்து என்றது கை.
அதில் தோல் அறுபது. கொட்டை மூன்று.
மீதி முழுக்கத் தண்ணீர்.
கிராமுக்கு அரை கலோரிகூடத் தேறாது.

"இன்னும் ரெண்டு எடு" என்றான் எலியேசர்.